விண்கப்பலில் இருந்து விழுந்தவன்

12.03.2025, புதன்

றஜீபன் அண்ணை,

பிழை என்னுடையதுதான். எனக்கு மிகவும் பிடித்த விஞ்ஞானக் கதை என்று நான் வாங்கித் தந்தது சுருக்கப் பதிப்பு. இன்றுதான் உள்பக்கத்தில் கண்டேன்.

விண்கப்பலில் இருந்து விழுந்தவனை விட்டுவிட்டு மற்றவர்கள் பூமிக்குத் திரும்பியதை வாசித்ததும், கடற்தொழிலுக்குப் போய்வரும் நீங்கள் "விழுந்தவனைத் தேடாமல் எவனடி கரைக்கு வருவான்?" என்று கோபித்தீர்கள். "கதைதானே" என்றேன். முழுப் பதிப்பில் தேடினார்களோ தெரியாது. நானும் இதைத்தான் வாசித்தனான். எனக்குப் பிடித்தது எந்தக் கதை என்றே இப்போது குழப்பமாக இருக்கிறது.

குசினியில் புட்டும் மீன்குழம்பும் இருக்கின்றன. சாப்பிடாமல் படுக்க வேண்டாம்.

நிமலினி

பி.கு: கடையில் கேட்டேன். உங்கள் கண்ணுக்கு ஏற்ற பெரிய எழுத்தில் முழுக் கதையின் முதற்பாகம் மட்டுமே வந்திருக்கிறது, இரண்டாம் பாகம் இன்னும் வரவில்லை. அதுவரை அவனை அங்கே விட்டுவைக்க ஏலாது. நாளை என் வகுப்புக்கு முன் பொடி எழுத்துப் பதிப்பை வாங்க வேண்டும், நானே வாசித்துக் காட்டுகிறேன்.