ஒண்ணாம் ரேங்க் கார்டு

திருத்தங்கல்,
14.7.2025

அன்புள்ள ஸ்ரீமதி,

நலம்தானே? நான்கு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. பள்ளிக்கு வந்தால் வாட்ச்மேன், "மேடம் மீட்டிங்ல இருக்காக, எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்கிறார். இதோ எழுதுகிறேன்.

என் மகள் ஐஸ்வர்யாவின் கிரிக்கெட் டிரம்ப் கார்டுகளைப் பிடுங்கிவிட்டு, இனிப் பள்ளியில் யாருமே கார்டு விளையாடக் கூடாது என்று தடை போட்டிருக்கிறாயாமே! நீயா? ஆறாம் வகுப்பில் இன்டர்வெல் மணி அடித்ததும் வேப்பமரத்தடிக்கு முதல் ஆளாய் ஓடியவள் நீ. ரன்னா, விக்கெட்டா, ரேங்க்கா என்று கேட்டுக் கேட்டே எல்லாரையும் தோற்கடித்தவள். நம் ஹெட்மாஸ்டர் தடை போட்டபோது எப்படி வயிறெரிந்தோம்! ஹெச்.எம். நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து போச்சா?

தடையை எடுத்துவிடு. பிள்ளை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

உன் வகுப்புத் தோழன்,
மகேஷ்குமார்


19.7.2025

மகேஷ்,

மீட்டிங் பொய்யில்லை, உன் மகள் விஷயமாக ஐந்து பெற்றோர் வந்திருந்தார்கள். உன் பிரஸ்ஸில் கார்டு ஆர்டர் ஓடுகிறதே, அந்த வெட்டாத ஷீட்டுகளிலிருந்து ஒண்ணாம் ரேங்க் கார்டை மட்டும் கத்தரித்து இருபத்திரண்டு கொண்டுவந்தாள். அதை எதிர்த்து யார் ஜெயிக்க முடியும்? பாண்டிலட்சுமி என்ற பிள்ளை எல்லாக் கார்டையும் தோற்றுவிட்டுப் பள்ளிக்கே வரமாட்டேன் என்கிறது. ஐஸ்வர்யாவைக் கேட்டால், "எங்கப்பாவும் சின்னதுல இப்படித்தான் ஜெயிச்சாகளாம்" என்று பெருமையாகச் சொல்கிறாள்!

எனக்கு எதுவும் மறக்கவில்லை. ஒரு செட் வாங்க எங்கள் வீட்டில் வழியில்லை. அம்மா ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தரையில் கிடந்த ஒற்றைக் கார்டை வைத்துத் தொடங்கி அறுபது ஜெயித்தேன். உன் அப்பா பிரஸ்ஸிலிருந்து பன்னிரண்டு ஒண்ணாம் ரேங்க்கோடு வந்து, ஒரே இன்டர்வெல்லில் அத்தனையும் வாரிக்கொண்டாய். ஆத்திரத்தில் உன் சட்டையைப் பிடித்தேன். பிரம்படி எனக்கு. நீ வாயே திறக்கவில்லை. மறுநாள் எல்லாருக்கும் தடை. எனக்கு வயிறெரிந்தது தடைக்காக இல்லை, மகேஷ்.

ஸ்ரீமதி


திருத்தங்கல்,
24.7.2025

அன்புள்ள ஸ்ரீமதி,

ஆத்தாடி! இருபத்தெட்டு வருஷமாக இதையா மனதில் வைத்திருக்கிறாய்? சின்னப் பிள்ளை விளையாட்டும்மா. பிரஸ் வைத்திருக்கிறவன் வீட்டுப் பிள்ளை ஷீட்டை எடுக்காமல் வேறு யார் எடுப்பார்?

சரி, கோபத்தை விடு. தீபாவளிப் பட்டாசு லேபிள் ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது. ஆனாலும் மிஷினை ஒரு மணி நேரம் நிறுத்தி உனக்கென்று அறுபது கார்டு அடித்து அனுப்பியிருக்கிறேன். அறுபதும் ஒண்ணாம் ரேங்க்! இப்போது திருப்திதானே? தடையை எப்போது எடுக்கிறாய்?

மகேஷ்குமார்


30.7.2025

திரு. மகேஷ்குமார் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய பார்சலை இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். நான் கேட்டது கார்டு இல்லை.

நேற்றுக் காலை ஐஸ்வர்யா தானாகவே என் அறைக்கு வந்தாள். "மேடம், பாண்டிலட்சுமி வீடு எங்கன இருக்கு?" என்றாள். மாலையில், நான் பிடுங்கி வைத்திருந்த கார்டுகளை வாங்கிக்கொண்டு ஆசிரியை துணையோடு அங்கே போய், ஜெயித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்து, "நான் கள்ள ஆட்டம் ஆடிட்டேன், மன்னிச்சிரு" என்று சொல்லியிருக்கிறாள். பாண்டிலட்சுமி இன்று வகுப்பில் இருக்கிறாள். தடையை எடுத்துவிட்டேன்.

உங்கள் மகளுக்குப் பதினோரு வயது. உங்களுக்கும் எனக்கும் முப்பத்தொன்பது.

இனிப் பள்ளி விஷயமாக ஏதாவது இருந்தால், ஐஸ்வர்யாவின் அம்மாவை வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியை