பாப்பாவுக்குக் குளிர்கிறது

நாள் 41. காலை 6:10
நான் நிலவுத் தளத்தின் தொட்டில். இதைக் கண்டெடுப்பவருக்காக எழுதுகிறேன். பாப்பாவின் வெப்பம் 36.5. பால் குடித்தாள், ஏப்பம் விட்டாள். வெப்பம் காட்டும் என் மணியை அம்மா நாச்சியார் பாப்பாவின் அரைஞாண் கயிற்றில் கோத்திருக்கிறாள். குளிர்ந்தால் "பாப்பாவுக்குக் குளிர்கிறது" என்று அழைப்பேன். எனக்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான். அதுவும் அம்மாவின் காதுக்கு மட்டுமே போகும். பிறர் தூக்கம் கெடக் கூடாதென்று அவளே அப்படி அமைத்தாள். ஆனாலும் இந்தத் தளத்தில் என்னைவிட முக்கியமான இயந்திரம் கிடையாது.

நாள் 43. காலை 4:50
பாப்பாவின் மூச்சு நின்றுவிட்டது. அழைத்தேன். ஓடி வந்தாள். பயனில்லை. காரணம் எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நாள் 43. மாலை 5:00
நாச்சியார் இதுவரை பாப்பாவை நெஞ்சுச் சூட்டிலேயே வைத்திருந்தாள். பச்சைக் குழந்தையை எரிக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. இங்கே மண் இருப்பது காய்கறிப் பாத்தியில் மட்டும், அங்கே புதைக்கத் தளத் தலைமை மறுத்துவிட்டது. வெளியே பாறையடியில் வைத்துக் கல்லால் மூடினார்கள். அதற்கு முன், கணவன் சுடலைமணி கத்தரிக்கோலோடு குனிந்தபோது பதிவானது:
"அரைஞாண அறுக்காதீங்க. எம்புள்ளைய மூளியா அனுப்ப மாட்டேன்."
"சரி நாச்சியா. அறுக்கல."
கயிற்றில் இருந்த மணியை யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

நாள் 45. இரவு 9:30
நிலவில் இருட்டிவிட்டது. இதுவரை வெயிலில் சுட்ட கற்கள் ஆறிவிட்டன. மணி −90 காட்டுகிறது. அழைக்கிறேன். நிறுத்த என்னால் முடியவில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் நாச்சியாரின் ரவிக்கை பாலில் நனைகிறது. சுடலைமணி என் கம்பியைப் பிடுங்க வந்தான்.
"விடுங்க. அவ கூப்பிடுதா."
"அது மெசினு, நாச்சியா."
"தெரியும். தெரிஞ்சுட்டா குளிராம போயிருமா?"
அவன் கம்பியை விட்டுவிட்டு அழுதான்.

நாள் 46. அதிகாலை 2:15
−140. எல்லோரும் தூங்குகிறார்கள். அவள் விண்ணுடை அணிந்து, என் மின்போர்வையை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டாள். போகாதே என்று சொல்ல வேண்டும். என் வாயில் வருவதோ: பாப்பாவுக்குக் குளிர்கிறது. பாப்பாவுக்குக் குளிர்கிறது. நானே அவளை விரட்டுகிறேன்.

2:50
கற்களை எடுத்துவிட்டாள். போர்வையைத் தன் உடையின் மின்கலத்தில் மாட்டிவிட்டாள். அவள் உடையின் அளவுகள் எனக்கும் வருகின்றன. மணி ஏறுகிறது. உடையின் சூடு இறங்குகிறது. யாராவது எழுந்திருங்கள்.

4:05
36.5. விதிப்படி என் குரல் நின்றுவிட்டது. பாப்பா நலம் என்று பதிவாகிறது.
அம்மாவுக்குக் குளிர்கிறது. அதைச் சொல்ல எனக்குப் பேச்சு இல்லை.