நான்கு வெள்ளைக் கட்டங்கள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், அதில் பாதியை நம்புகிறேன், மீதிப் பாதிக்கு உன் இருமல் குறுக்கே வருகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மாத்திரை போடச் சொன்னால் நான் என்ன பந்தயத்துலயா ஓடப்போறேன் என்கிறார். உன் அறையில் மழை நாளில் துணி காயப்போடுகிறோம், வேறு எதையும் மாற்றவில்லை. போனில் சொல்லாமல் எழுதக் காரணம் உன் தம்பி. உன் குரல் கேட்டால் எங்கிருந்தாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான், இது அவன் கேட்கக் கூடாத விஷயம்.

விளையாடுகிற பிள்ளைகள் தப்புத்தண்டாவுக்குப் போகாமல் இருக்கிறார்களா என்று கல்லூரியில் எங்கள் துறையில் ஆய்வு நடக்கிறது என்றேன் அல்லவா, அதற்காகப் பள்ளிக்கூட அணிகளுக்குக் கேள்விப் படிவம் கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம், பெற்றோர் கண்ணில் படாது என்று முதல் பக்கத்தில் வாக்குக் கொடுத்தது நான்தான். தம்பியின் கால்பந்து அணியையும் சேர்த்தபோது உதவிக்கு இருக்கும் பெண் தயங்கினாள், மேடம் உங்க பையனும் அதுல இருக்கானே என்றாள். பேர் இல்லாத தாளில் யார் யாரென்று எப்படித் தெரியும் என்று பெரிய மேதை மாதிரி அவள் வாயை அடைத்தேன். பதினேழாவது தாளைப் புரட்டியதுமே தெரிந்துவிட்டது. டிக் போடச் சொன்ன கட்டங்களை முழுக்கக் கறுப்பாக்கி வைத்திருந்தான், பரீட்சைக்காக நீ சொல்லிக்கொடுத்தபடி, ஓரம்கூடத் தாண்டாமல். போன மாதம் அவர்கள் தோற்ற அன்று எதிரணிப் பிள்ளைகள் ஒன்பது பேரின் சைக்கிள் டயர்களை யாரோ கிழித்துவிட்டார்கள். கோச்சிடம் கேட்டேன், ஒன்றரை மணி நேரம் ஓடின பசங்க மேடம், தண்ணி பாட்டிலைத் தூக்கவே தெம்பு இருக்காது, இவங்களா போய்க் கிழிப்பாங்க என்று சிரித்தார். நம்பினேன். மைதானத்துக்குப் போகிற பையன் கெட்டுப்போகமாட்டான் என்று சொல்லித்தானே அவனைச் சேர்த்துவிட்டேன், இதையே ஒரு மாணவி எழுதியிருந்தால் ஆதாரம் எங்கே என்று ஓரத்தில் சுழித்திருப்பேன். அவன் தாளில், பிறர் பொருளைச் சேதப்படுத்தியது உண்டா, ஆம் கறுப்பு. யாரோடு சேர்ந்து, அணியினரோடு கறுப்பு. உனக்கு விருப்பம் இருந்ததா, இல்லை கறுப்பு. தப்புச் செய்யப் போகும்போது உன்னைத் தடுப்பவர் யார் என்ற கடைசிக் கேள்விக்குப் பெற்றோர், ஆசிரியர், பயிற்சியாளர், போலீஸ் என்று நான்கு கட்டம் போட்டிருந்தேன். நான்கும் வெள்ளை. கீழே கோட்டில் 'அக்கா. இப்ப ஊர்ல இல்ல' என்று எழுதியிருந்தான்.

தாளைக் கட்டோடு கட்டாக வைத்துவிட்டேன். நானே கேட்டால் அத்தனை பிள்ளைகளுக்கும் கொடுத்த வாக்குப் போகிறது, கேட்காவிட்டால் அடுத்த ஆட்டத்தில் தோற்றுவிட்டு என்ன செய்வார்களோ என்று இருக்கிறது. உன்னிடம் சொன்னதே பாதி வாக்கு மீறல்தான். நீ இருந்தபோது தினமும் மைதான வாசலில் நின்று அவனை அழைத்து வருவாய், தெருமுனையிலேயே உங்கள் சண்டை கேட்கும், நான் அடுப்பைப் பற்றவைப்பேன். இப்போது ஒரு ஜோடிக் காலடிதான் வருகிறது, இன்னொன்றுக்காகக் காது சும்மாவே காத்திருக்கிறது. ஆறு மணிக்கு அவன் நடக்கத் தொடங்குவான், உனக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம். அந்தக் கால் மணி நேரம் அவனோடு பேசு. டயரைப் பற்றி நீயாக எடுக்காதே, பழையபடி சண்டை போடு. அவனாக வாயைத் திறந்தால் அம்மாவிடம் சொல், கோபப்படமாட்டாள் என்று சொல்லு. அது பொய்தான், இருந்தாலும் சொல்லு. அந்த ஒன்பது பிள்ளைகளின் வீட்டுக்கும் அவனோடு நான் வருவேன், அது பொய் இல்லை.

இருமலுக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. இன்னொன்று, அவன் வாசலுக்கு வந்ததும் போனை வைத்துவிடாதே. கதவைத் திறந்து அவன் உள்ளே வந்த பிறகு வை, உன் குரலும் கூடவே வீட்டுக்குள் வரட்டும்.

ஆறு மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா