குவைத் இன்சூரன்ஸ் இங்கே செல்லாது

12 நவம்பர், புதன்
காலையிலிருந்து தூறல். மக்காச்சோளத்துக்கு யூரியா. குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கும் என் வீட்டுக்காரர், ஆள் வேண்டாம் என்று தானே வாளியோடு இறங்கினார். வரப்பில் உட்கார்ந்தவர் எழவில்லை. சட்டை முழுக்க வியர்வை. குன்னத்திலிருந்து ஆம்புலன்ஸ். மாரடைப்பு. பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு, அடைப்பு எடுக்கத் திருச்சியில் தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பாடாலூர் தாண்டும்போது கை சில்லென்று. பேச்சு கொடுத்துக்கொண்டே வந்தேன்.

13, வியாழன்
வலி குறைவு. இன்சூரன்ஸ் கவுண்டர் பெண் கேட்டாள்: அரசு காப்பீட்டு அட்டையா, தனியாரா? ஒன்றுதான் சொல்ல வேண்டுமாம். மகள் கவிதாவின் சென்னைக் கம்பெனி இன்சூரன்ஸில் எங்கள் பெயரும் உண்டு. தனி அறை கிடைக்கும், அதையே கொடு என்றாள் போனில். கொடுத்தேன்.

மதியம் அந்த இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து கேள்வி. பிரஷர் எத்தனை வருடமாக? பழைய சீட்டு எங்கே? இவர் மாத்திரை வாங்குவது குவைத் அரசு கிளினிக்கில். சீட்டு அங்கே ரூமில். இவருடைய குவைத் சூப்பர்வைசருக்குப் போன் செய்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எதற்கு என்றார். சொன்னேன். குவைத் கம்பெனி இவருக்குப் போட்டிருக்கும் இன்சூரன்ஸ் உதவுமா என்றும் கேட்டேன். குவைத்துக்குள் மட்டும்தானாம்.

சாயங்காலம் சீட்டு வந்தது, அனுமதி வரவில்லை. இவருக்கு மறுபடி வலி. இனிமேல் காத்திருக்க முடியாது என்றார் டாக்டர். கவிதாவைக் கேட்கவில்லை. கவுண்டருக்கு ஓடினேன்.

"அத விட்டுடுங்கம்மா. அரசு அட்டையில போடுங்க."

அவசரம் என்று போனிலேயே பேசி அனுமதி வாங்கினாள். ஸ்டென்ட் வைத்தாயிற்று. பொது வார்டு. மூச்சு சீராக.

14, வெள்ளி
வெயில். ஒரு இட்லி சாப்பிட்டார். கவிதா வந்தாள். என் மேல் கோபம், பிறகு அழுகை. அவள் டீ வாங்கப் போனதும் இவர் மெல்லச் சொன்னார்:

"கம்பெனிக்கு மட்டும் தெரிய வேணாம். மெடிக்கல் டெஸ்ட்ல நிறுத்திருவான்."

மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி.

"நேத்தே சொல்லிட்டேங்க. சீட்டுக்காகச் சொல்ல வேண்டியதாப்போச்சு."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சீட்டு எதற்கும் உதவவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

15, சனி
சூப்பர்வைசரின் வாய்ஸ் மெசேஜ். தன்மையாகத்தான் பேசினார். இதயக் கோளாறு உள்ளவரை அந்த வேலையில் வைக்க மாட்டார்களாம். விசா புதுப்பிப்பதும் சிரமமாம். இவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு இவரே சூப்பர்வைசரை அழைத்தார்.

"சார், ரூம்ல என் பெட்டி இருக்கு. யாராச்சும் ஊருக்கு வந்தா குடுத்து விடுங்க."

போனை என்னிடம் நீட்டினார்.

"கவிதாவ வேலைக்குக் கெளம்பச் சொல்லு. நீ இருக்கல்ல."