சனிக்கிழமை ஓகே

பிப். 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. ரேஞ்சில் அடித்த பந்து எங்கே போகிறதென்றே தெரியவில்லை. சத்தத்தை வைத்து நேரேதான் போயிற்று என்று நம்பிக்கொண்டேன். என் பிழைப்பே இப்போது அப்படித்தான்.

ரேஞ்ச் என்றால் ஒரகடம் ரோட்டுக்குப் பின்னால் வலை கட்டிய கோல்ஃப் பயிற்சி இடம். விடியற்காலை எனக்கு. வெயில் ஏறினால் கம்பெனி சார்களுக்குச் சொல்லிக்கொடுக்க. "எல்போ சார், எல்போ." ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறேனோ, தூக்கத்தில்கூட சொல்வதாக என் மனைவி மலர் சொல்கிறாள்.

செய்ய வேண்டியவை: பட்டருக்கு, அதாவது பந்தைக் குழிக்குள் தட்டும் மட்டைக்கு, புது கிரிப். முழங்கைக்குத் தைலம். பெங்களூர் பஸ் சுங்குவார்சத்திரத்தில் நிற்குமா, கேட்க.

திங்கட்கிழமை பெங்களூரில் க்யூ ஸ்கூல் ஆரம்பம். பள்ளிக்கூடமெல்லாம் இல்லை, மூன்று நாள் தகுதிப் போட்டி. தேறினால் ஒரு வருஷத்துக்கு டூர் கார்டு. ஊர் ஊராகப் போய் ஆடலாம். கார்டு வாங்கி, இழந்து, திரும்ப வாங்கி, திரும்ப இழந்தவன் நான். இந்த முறைதான் கடைசி என்று மலரிடம் சொல்லிவிட்டேன். தேறாவிட்டால் அவள் தம்பி பார்த்து வைத்திருக்கும் கம்பெனி ஸ்டோர்ஸ் வேலை.

விட்டுவிடு என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பிப். 5, வியாழன்

முழங்கை வலி. மச்சான் பாபு வந்தான். வந்ததுமே ஆரம்பித்தான்.

"மாமா, கோச்சிக்காத. அக்கா கம்பெனி லைன்ல நின்னு நின்னு காலு வீங்கிக்கினு வருது. ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் நமக்குத் தெரிஞ்ச ஆளு. எத்தினி நாளுதான் அவனும் எடத்த வெச்சிக்கினு இருப்பான்?"

"போட்டி முடியட்டும்டா."

"முடிஞ்சா?"

உள்ளேயிருந்து மலர்: "டேய், சாப்ட்டுப் போடா." அவ்வளவுதான் அவள் பேசியது.

பாபு சாப்பிடும்போது சுவரில் ஒட்டியிருந்த பழைய கொல்கத்தா போட்டி பேப்பர் கட்டிங்கைக் காட்டி, "இது நீயா மாமா? முடியெல்லாம் கீது!" என்றான். அங்கே முதல் நாள் நான்தான் முன்னிலை. அன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள், ஆடுகிறவர்களுக்கு மட்டைப் பை தூக்கிய காலத்துக் கூட்டாளிகள், எல்லோரும் போன். மறுநாள் தண்ணீருக்குள் இரண்டு பந்து. யாரும் போன் செய்யவில்லை. முதல் நாளோடு முடிகிற போட்டி எங்காவது இருந்தால் நான் சாம்பியன்.

பிப். 7, சனி

வெயில். பார்க் சாருடன் வழக்கமான ஆட்டம். நான்கு கொரியன் சார்கள், கூட நான். எனக்கு வேலை, நன்றாக ஆட வேண்டும், ஆனால் ரொம்ப நன்றாக ஆடக் கூடாது.

பா. சார் நல்ல மனுஷன். பந்து குழிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால், "ஓகே, மணி, ஓகே" என்பார். விழுந்ததாகக் கணக்கு. தட்டிப் போட வேண்டாம், குனிந்து எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்குள் அது ஒரு மரியாதை. போட்டியில் இது கிடையாது. அங்கே பந்து குழிக்குள் விழுகிற சத்தம் கேட்க வேண்டும்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஃபைட்டிங்!" என்றார். அவர்கள் ஊரில் வாழ்த்து அப்படித்தானாம். மனசுக்கு இதமாக இருந்தது.

பிப். 8, ஞாயிறு

பஸ். கண்டக்டர் பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னா சார் இது, நாதஸ்வர செட்டா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கோல்ஃப் என்றால் பணக்காரன் என்று நினைத்துக்கொள்வார், அப்புறம் சில்லறை தரமாட்டார்.

தூக்கம் வரவில்லை. வேலூர் தாண்டியும் மலர் கட்டிக் கொடுத்த புளிசாதத்தைத் தொடவில்லை. பயம்தான், வேறென்ன.

பிப். 9, திங்கள்

குளிர். காற்று இல்லை. பார், அதாவது மைதானத்துக்கு விதித்த அடிக்கணக்கு; கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மோசமில்லை.

என்னோடு ஆடுவது பெங்களூர் சிவா. அவனும் என்னைப் போல் பை தூக்கி மேலே வந்தவன்; ஒருவர் ஸ்கோர் கார்டை மற்றவர் எழுதுகிறோம். மற்றவர்கள் எல்லாம் நேற்று முளைத்த பிள்ளைகள். அடிக்கிற அடியில் பந்து ஓசூர் தாண்டிவிடும் போல. கூடவே உடம்பு பிடித்துவிட ஆள், மனசைப் பிடித்துவிட ஆள். எனக்குத் தைலம்.

பிப். 10, செவ்வாய்

மூன்று அண்டர், பாருக்கு மூன்று அடி குறைவு! கைக்கு ஏதோ வந்திருக்கிறது. குழிக்குத் தட்டிய பட் எல்லாம் உள்ளே. சிவா: "அண்ணா, என்னா சாப்ட்ட நீ?" புளிசாதம் என்றேன்.

மலருக்குப் போன். நம்பிக்கை என்கிற வார்த்தையைச் சொல்லவில்லை. "இன்னைக்குப் பரவால்ல" என்று மட்டும். அவள், "குரலே நல்லா கீதே" என்றாள்.

நாளைக்கும் இப்படி ஆடினால் தேறிவிடுவேன். எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

பிப். 11, புதன்

சுருக்கமாக எழுதிவிடுகிறேன்.

பத்து குழி வரை நேற்று மாதிரியே. பதினொன்றில் தூரத்திலிருந்து ஒரு பட். வளைந்து, ஏறி, இறங்கி, குழிக்கு ஒரு அடியில் வந்து நின்றது. இந்த மூன்று நாளில் அடித்ததிலேயே அழகான பட் அதுதான். சந்தோஷமாக நடந்து போனேன். குனிந்தேன். பந்தைக் கையில் எடுத்துவிட்டேன்.

எடுத்து பேன்ட் பாக்கெட்டிலும் போட்டுவிட்டேன்.

சிவா அப்படியே நின்றான். "அண்ணா… பால் எடுத்துட்டியா?"

யாரும் ஓகே சொல்லவில்லை. அங்கே அந்த வார்த்தையே கிடையாது. கை தானாகப் போயிற்று. மூன்று வருஷச் சனிக்கிழமைகளில் பழகின கை. ரெஃப்ரி வந்தார். இடத்தில் அடையாளம் வைக்காமல் பந்தை எடுத்ததற்கு ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஒரு அடி கூடுதல், தண்டனை. திரும்ப வைத்து ஆடு. வைத்தேன். போட்டேன்.

சிவா பார்க்காமல் இருந்திருந்தாலும் நானே சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெளியே.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். என் விஷயத்தில் கைக்கு எட்டியதுதான் வினை. சிவா தேறிவிட்டான். கட்டிப்பிடித்துக்கொண்டு, "சாரிண்ணா, சாரிண்ணா" என்றான். அவன் என்ன செய்வான் பாவம். அவன் மேல் கோபம் வந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பிப். 12, வியாழன்

வீட்டுக்கு வந்தபோது மலர் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணுல போச்சு." நடந்ததைச் சொன்னேன்.

"பக்கத்துலதான இருந்திச்சு? எடுத்தா இன்னா?"

"எடுக்கக் கூடாது."

"யாரு பந்து?"

"என் பந்துதான்."

"உன் பந்த நீ எடுத்ததுக்கா?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் தோற்றதற்கு அவள் அழுதது இதுதான் முதல் முறை. என்னைவிட அவள்தான் அதிகம் நம்பியிருக்கிறாள். அது தெரியாமலே போயிருக்கலாம்.

பாபுவுக்கு அவள் முன்னாலேயே போன் செய்தேன். இடம் இன்னும் இருக்கிறதாம். திங்கட்கிழமை வரச் சொன்னான். "ஐடி கார்டு குடுப்பாங்க மாமா" என்றான், ஆறுதலாக. ஏதோ ஒரு கார்டு.

பிப். 14, சனி

புழுக்கம். கடைசி ஆட்டம் என்று பா. சாரிடம் சொல்லிவிடலாமென்று போனேன். அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஒரு விரலைக் காட்டி, "ஒன்? ஒன்லி ஒன்?" என்று தலையைத் தலையை ஆட்டினார்.

முதல் குழி. என் பந்து இரண்டடியில்.

"ஓகே, மணி."

"நோ சார். ஐ வில் பட்."

நின்றேன். குழந்தைகூடப் போட்டுவிடும். அடித்தேன். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து நின்றது.

ஒருவரும் சிரிக்கவில்லை. பா. சார் வந்து, பந்தைத் தானே குனிந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "ஓகே, ஓகே." கார்டில் எனக்குப் பார் என்று எழுதிக்கொண்டார்.

அவர் நல்லவர். அதுதான் தாங்க முடியவில்லை. மீதிக் குழிகளில் அவர் சொன்னபோதெல்லாம் எடுத்துக்கொண்டேன். வேலை விஷயத்தைச் சொல்லவில்லை.

பிப். 15, ஞாயிறு

பாபு போன். நாளைக்கு ஃபுல் ஷர்ட், ஷூ கட்டாயமாம். செருப்போடு போனால் கேட்டிலேயே திருப்பிவிடுவார்களாம். சேஃப்டி ஷூ பிறகுதான் தருவார்கள்.

என்னிடம் இருப்பது ஆடுகிற ஷூ மட்டும். சிமெண்டுத் தரையில் நடந்தால் சறுக்கும், சத்தம் போடும். மலர் புரட்டிப் பார்த்து, "அடியில கீற முள்ளு கயலுமா?" என்று கேட்டாள். கழலும். அதற்கென்று ஒரு சாவி உண்டு. பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நானே செய்கிறேன் என்றேன்.

இடது கால் முடிந்தது.