மே மாதத் தேர்வும் ஜூன் மாதப் பித்தப்பையும்

பார்சிப்பனி, நியூஜெர்சி,
அக்டோபர் 4

அன்பு மகள் ஷைனாவுக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவருடைய கிருபையால் நானும் அம்மாவும் இந்தத் தேதி வரையில் சுகம். நீயும் டெக்சாஸ் காப்பெலில் சுகமாகவே இருப்பாய் என்று நம்புகிறோம். அதற்கு மாறான தகவல் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பதினாறு நாளாக நீ என் ஃபோனை எடுக்காததால் எனக்கு எந்தத் தகவலுமே கிடைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு நீ அனுப்பும் மெசேஜ்களை அவள் எனக்குப் படித்துக் காட்டுவதில்லை. படித்துவிட்டு அவள் சிரிப்பதை மட்டும் பார்க்கிறேன். இதை ஏன் தமிழில், அதுவும் கையால் எழுதித் தபாலில் அனுப்புகிறேன் என்று நீ கேட்கலாம். இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தால் நான் உடனே வக்கீலாகிவிடுகிறேன் என்று ஆகஸ்ட் மாதம் நீ சொன்னாய். அந்தக் குற்றச்சாட்டை நான் இன்னும் மறுக்கவில்லை. மேலும், பதினொரு வயது வரை மதுரையில் படித்த உனக்கு நான் எழுதுவது புரியும், உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணுக்குப் புரியாது. இதில் வரப்போகிற விஷயத்துக்கு அது வசதி.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறாள் என்று டாக்டர் குறித்துக்கொண்டிருக்கிறார். அம்மா சொன்னதை வைத்துக் குறித்துக்கொண்டிருக்கிறார். பின்பக்கத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்டதற்கு நம் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அவர்களுடைய விதிகளில் துணிக்கொடி என்பதற்கு வரையறை இல்லை என்று மூன்று பக்கம் பதில் எழுதினேன். அவர்கள் அதை ஏற்றுக்கொண்டு, வரையறையைச் சேர்த்து, விதியைத் திருத்திவிட்டார்கள். இப்போது நம்மோடு சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் கொடி கட்ட முடியாது. அம்மா துணிகளை ட்ரையரில் போடும்போது என்னைப் பார்ப்பதில்லை. உனக்கு ஒரு பார்சல் போட்டிருக்கிறோம், எலுமிச்சை ஊறுகாயும் உன் கறுப்பு கோட்டும் அதில் இருக்கின்றன, இரண்டும் தனித்தனிப் பையில்.

இனி சொல்ல வேண்டியது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து சபையின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். எனக்கு எதிரே சைலஸ் அங்கிளும் ஜூலியட் ஆன்ட்டியும். அங்கிள் இருதய டாக்டர் என்பதால் நீ என்ன செய்கிறாய் என்று விசாரிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவர். மூன்று வருடமாக அவர் கேட்கும்போதெல்லாம் "மருத்துவத் துறையில் இருக்கிறாள்" என்று சொல்லி வந்திருக்கிறேன். கிளினிக்கில் டாக்டர் பேசப் பேசப் பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பது உன் வேலை. எனவே அந்த வாக்கியத்தில் பிழை கிடையாது. எத்தனையாவது வருஷம் என்று கேட்டபோது மூன்றாவது வருடம் என்றேன். அதிலும் பிழை கிடையாது. கேட்பவர்கள் தாங்களாக என்ன முடிவுக்கு வருகிறார்களோ அதற்கு நான் பொறுப்பில்லை என்பது என் நிலைப்பாடாக இருந்தது. இந்த நிலைப்பாட்டின் விளைவாக ஜூலியட் ஆன்ட்டி தன் முழங்கால் ஸ்கேன் ரிப்போர்ட்டை உனக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார். வீட்டிலேயே டாக்டர் இருக்கிறாரே என்று கேட்டதற்கு, "உங்க ஃப்ரெண்டு நெஞ்சைத் தவிர வேற எதையும் பாக்கமாட்டாருண்ணே" என்றார். அந்த ரிப்போர்ட் என் மேஜை இழுப்பறையில் எட்டு மாதமாக இருக்கிறது.

நான் எதிர்பாராதது உன் அம்மாவை. பெண்கள் ஜெபக் கூட்டத்தில் உனக்காக ஜெபக் குறிப்பு கொடுத்திருக்கிறாள். நானாயிருந்தால் "மகளின் மேற்படிப்பு" என்பதோடு நிறுத்தியிருப்பேன். கர்த்தருக்கு விவரம் போதாமல் போய்விடக்கூடாது என்று அவள் உன் காலேஜ் மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. நாலுக்கு இரண்டு புள்ளி ஏழு ஒன்று என்பதையும், எந்த வருடம், எந்தப் பாடம், எத்தனை எஃப் என்பதையும், மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும் என்பதையும் எழுதி, வாட்ஸ்ஆப்பில் நாற்பத்திரண்டு பேருக்கு அனுப்பிவிட்டாள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்காக நியூஜெர்சியில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் முழங்கால்படியிட்டது இதுவே முதல் தடவையாக இருக்கலாம். ஆகவே சாப்பாட்டு மேஜையில் ஜூலியட் ஆன்ட்டி பிரியாணியில் எலும்பை ஒதுக்கிக்கொண்டே, "ஏண்ணே, மூணாவது வருஷம் படிக்கிற புள்ளைக்கு எதுக்கு நாங்க அட்மிஷனுக்கு ஜெபம் பண்றோம்?" என்று கேட்டார். சைலஸ் அங்கிள் தலையைத் தூக்காமல், "ஆண்டவருக்குத் தெரியும், நீ சாப்பிடு" என்றார். நான் தண்ணீர் குடித்தேன். அது பதில் ஆகாது என்பது எனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது ஃப்ரீவே ஏறும் வரை அம்மா காத்திருந்தாள். ஏறியதும், இறங்க வழியில்லாத இடமாகப் பார்த்து, "இன்னும் யார் யார்கிட்ட இப்படி உண்மையாப் பேசி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அடுத்த எக்ஸிட் ஆறு மைல் தூரத்தில் இருந்தது. சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன். உடனே மடித்து வைத்துவிடாமல் முழுவதும் படி. செப்டம்பர் 9ஆம் தேதி, உனக்குத் தெரியாமலும் உன் சம்மதம் இல்லாமலும், நீ விண்ணப்பித்திருக்கும் மருத்துவக் கல்லூரியின் டீனுக்கு உன்னைப் பற்றி நான் ஒரு கடிதம் அனுப்பினேன்.

ஆகஸ்டில், விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய உன் கட்டுரையை எனக்குக் காட்டினாய். ஆறு வருடத்துக்கு முன் காலேஜ் இரண்டாம் வருடத்தில் நடந்ததைப் பற்றி நாலே வரி எழுதியிருந்தாய்: முதல் பரீட்சையில் தோற்றேன், அதை வீட்டில் சொல்லப் பயந்தேன், பயத்தில் வகுப்புக்குப் போவதையே நிறுத்தினேன், அது என் தவறு. எதிர்த்தரப்பு கேட்காத ஒப்புதலைத் தானாக முன்வந்து கொடுத்தவர்களை மதுரை கோர்ட்டில் பதினொரு வருடம் பார்த்தவன் நான். அவர்களில் ஒருவரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனதில்லை. அதனால் அந்த நாலு வரிக்குப் பதிலாக நாலு பக்கம் தயாரித்துக் கொடுத்தேன், அடிக்குறிப்புகளோடு. நீ ஒரு பக்கம் படித்துவிட்டு, "அப்பா, இது எஸ்ஸே, ஜாமீன் மனு இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாய். அதன் பிறகு மாலை வகுப்புகளில் நீ வாங்கிய ஏ கிரேடுகளும், மூன்று வருடம் கிளினிக்கில் நின்ற கால்களும் போதும் என்று நீ நினைத்தாய். நான் நினைக்கவில்லை. நீ வேண்டாம் என்ற சரக்கைத்தான் சுருக்கி டீனுக்கு அனுப்பினேன்.

அதில் இருந்தவை இவை. அந்த வருடம் விண்ணப்பதாரரின் தாயாருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அக்காலத்தில் குடும்பம் கடும் மன உளைச்சலில் இருந்தது. விண்ணப்பதாரர் தன் தாயாரிடம் மிகுந்த பாசமுள்ளவர். இவற்றில் எந்த வாக்கியத்தையும் நான் பைபிள் மீது கை வைத்துச் சொல்ல முடியும். மன உளைச்சல் பேஸ்மென்ட்டில் தண்ணீர் புகுந்ததால் வந்தது என்பதை நான் குறிப்பிடவில்லை, அவ்வளவுதான். இதைக் கேட்டு அம்மா, "என் பித்தப்பையை எதுக்குங்க இதுக்குள்ள இழுத்தீங்க? அதை எடுத்தது ஜூன்ல. அவ ஃபெயிலானது மே மாசம்" என்றாள். என் இருபத்தாறு வருடத் தொழிலில் இவ்வளவு சுருக்கமான குறுக்கு விசாரணையை நான் கண்டதில்லை. ஒவ்வொரு வாக்கியமும் உண்மை, எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் பொய். அதை அடுக்கியவன் நான்.

மூன்றாம் நாள் டீன் அலுவலகத்திலிருந்து இரண்டு வரி பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, விண்ணப்பதாரரைத் தவிர வேறு எவரிடமும் விண்ணப்பம் பற்றிப் பேச இயலாது. கிடைத்தது என்றால் உன் கோப்பில் சேர்ந்ததா, குப்பையில் சேர்ந்ததா என்பதை அந்த இரண்டு வரிக்குள் நான்கு நாள் தேடினேன். இல்லை. பிறகு 18ஆம் தேதி நீயே ஃபோன் பண்ணி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். உன் குரல் அப்படி இருந்து நான் கேட்டு வெகுகாலம் ஆகிறது. அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு ஏழு மாதிரிப் பதில்களைச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவதில் அம்மாவின் ஆபரேஷன் வந்தது. "அது எங்கப்பா இதுல வந்துச்சு? ப்ளீஸ், இன்டர்வியூ முடியற வரைக்கும் கால் பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டாய். அது எங்கே வந்தது என்பதற்கு இந்தக் கடிதம்தான் பதில்.

உன் நாலு வரியில் "வீட்டில்" என்ற சொல்லை நான் சிவப்பு மையால் அடித்திருந்தேன், தெளிவில்லை என்று. அது தெளிவாகத்தான் இருந்தது. அந்த வருடம் ஒவ்வொரு ஞாயிறும் நான் உனக்கு ஃபோன் பண்ணி, கிளாஸ் எல்லாம் நல்லாத்தானே போகுது, டெஸ்ட் எல்லாம் ஈஸியாத்தானே இருந்துச்சு என்று கேட்பேன். வேண்டிய பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துச் சாட்சியிடம் கேட்கும் முறை இது. தன் சொந்தச் சாட்சியிடம் இப்படிக் கேட்க எந்த ஜட்ஜும் விடமாட்டார். வீட்டில் ஜட்ஜ் இல்லாததால் நான் கேட்டேன், ஆமாப்பா என்று நீ சொன்னாய், நான் திருப்தியோடு வைத்தேன். நீ பார்க்கிங் லாட்டில் காரில் உட்கார்ந்துகொண்டுதான் அந்த ஃபோன்களை எடுத்தாய் என்பது உன் கட்டுரையின் முதல் வரைவைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். அதையும் அடித்திருந்தேன், அவசியமில்லாத விவரம் என்று.

புதன்கிழமை சைலஸ் அங்கிள் வீட்டுக்குப் போய், நீ இன்னும் எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை, சேர முயற்சி செய்கிறாய் என்று நேரடியாகச் சொன்னேன். "தெரியும் சாந்தகுமார். மெடிக்கல் ஸ்டூடன்ட் எவனும் கிறிஸ்மஸுக்கு மூணு வாரம் வந்து வீட்ல உக்காந்து தூங்கமாட்டான்" என்றார். ஜூலியட் ஆன்ட்டி முழங்கால் ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஜெபம் தொடரும் என்றும் சொன்னார், ஆனால் இனி தசமப் புள்ளி இல்லாமல்.

இனி, வருகிற 21ஆம் தேதி உன் இன்டர்வியூ. அந்த அறையில் யாராவது நல்லெண்ணத்தோடு, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று உன்னிடம் கேட்கலாம். நன்றாக இருக்கிறார்கள் என்று நீ சொன்னால் என் பொய் உன்னுடையதாகிவிடும். என்ன விஷயம் என்று நீ விழித்தால் இருவருமே கெட்டோம். இதற்கு நான் ஒரு பதில் தயாரித்தேன், நன்றாகவே வந்தது, அதை இங்கே எழுதப்போவதில்லை. நீ எழுதிய நாலு வரி உன்னிடம் இருக்கிறது. என்னைப் பற்றிக் கேட்டால் அப்பா எனக்குத் தெரியாமல் எழுதினார் என்று சொல். என் மானத்தைக் காப்பாற்றும் பொருட்டு ஒரு வார்த்தையும் மாற்றாதே.

இத்துடன் டீனுக்கு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். முந்தைய கடிதம் மகளுக்குத் தெரியாமல் நான் அனுப்பியது, அறுவை சிகிச்சை தேர்வுகளுக்குப் பிறகு நடந்தது, என் மகள் தன் கட்டுரையில் எழுதியிருப்பதே சரி. மூன்றே விஷயம். அம்மா படித்துப் பார்த்து, அடிக்குறிப்பு எங்கே என்று கேட்டாள். இதை நானே அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் முதல் கடிதமும் போனது. ஆகவே உறையை ஒட்டவில்லை. நீ அனுப்பலாம், அனுப்பாமல் நேரில் நீயே சொல்லலாம், கிழித்தும் போடலாம். என்ன செய்தாய் என்று எனக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. இந்த ஒரு காகிதத்துக்கு நான் நகல் எடுத்து வைக்கவில்லை.

நீ போய் உட்காரும் அந்த அறைக்குள் உனக்கு முன்பே ஆண்டவர் போய் இருப்பாராக. அம்மா முத்தம் தரச் சொன்னாள். இன்டர்வியூ காலை ஒன்பது மணி என்பது உங்கள் டெக்சாஸ் நேரம். நான் இங்கே பத்து மணிக்கு ஃபோன் பண்ணமாட்டேன்.

உன் அப்பா,
சாந்தகுமார்