அம்மா கணக்கின் புதிய பாஸ்வேர்ட்

லேக் மார்க்கெட், கொல்கத்தா

சௌபாக்கியவதி சுபிக்ஷாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். என் கால் வீக்கம் வடிந்துவிட்டது. இந்தக் காலத்தில் தபாலா என்று சிரிக்காதே. விஷயம் அப்படி. டொரன்டோ வந்து சேரும்போது சேரட்டும்.

உன் அம்மா போய் ஒரு வருஷமாகி, வருஷாப்திகம் முடிந்த கையோடு, ஒரு நாள் காலையில் காபியும் கையுமாக ஃபேஸ்புக்கைத் திறந்தேன். நாம் வழக்கமாக வாங்கும் காபிப்பொடிக் கடையை மூடிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தேன். அதற்குக் கீழே ஒரு சிவப்பு இதயம். போட்டது அனந்தலக்ஷ்மி மஹாதேவன், உன் அம்மா! காபியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். உனக்குத் தெரியாததா? யார் செத்த செய்தி வந்தாலும் அவள் இதயம்தான் போடுவாள். துக்கத்துக்குப் போய் இதயம் போடுவாளாடி ஒருத்தி என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். பிரியமாத்தானே போடறேன் என்பாள். அவள் போனோ அலமாரியில் புடவைகளுக்கு அடியில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. எடுத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது.

அப்புறம் தினமும் வந்தது. முதலில் பயந்தேன். பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகவே எழுத ஆரம்பித்தேன். நான் தீய்த்த உருளைக்கிழங்கைக்கூடப் படமெடுத்துப் போட்டேன். அதற்கும் இதயம். காபிக்கு இரண்டு டம்ளர் எடுத்து வைக்கிற அளவுக்குப் போய்விட்டது.

கீழ்வீட்டு மண்டல்தாவிடம் உளறிவிட்டேன். பாங்கியில் இருந்த மனிதர், பதறிப்போனார். செத்தவர்கள் கணக்கில் புகுந்து மோசடி செய்கிறார்கள் மஹாதேவன்பாபு, உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றார். நம் வீட்டில்தான் கரண்ட் பில் முதல் காஸ் வரை எல்லாவற்றுக்கும், எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட் ஆயிற்றே. அவரே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். இந்தக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும் மற்ற இடங்களிலிருந்து வெளியேற்றவா என்று ஃபேஸ்புக் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

அன்றோடு இதயம் வரவில்லை. அவளை நானே இரண்டாம் முறை அனுப்பிவைத்தது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில், அம்மா பாஸ்வேர்டை மாத்தினியாப்பா என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் பனி கொட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மாற்றியதை உன்னிடம் நான் சொல்லவே இல்லையே, சுபிக்ஷா.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட உன்னால் வரமுடியவில்லை. நேற்று நானும் அவள் கணக்கைத் திறந்து பார்த்தேன். கோலம், புடவைத் தள்ளுபடி, ஊரார் வம்பு, அவள் பார்த்ததெல்லாம் இன்னும் வரிசையாக வந்து விழுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து அவளே தள்ளித் தள்ளிக் காட்டுகிற மாதிரி இருந்தது. அங்கேயிருந்து உன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேனே என்று மனசு ஆறவில்லை.

பாஸ்வேர்டை எங்கேயும் எழுதக்கூடாது என்பது மண்டல்தாவின் உத்தரவு. நான் எழுதவில்லை. மாடிவீட்டு வங்காளி மாமி, நம் மாஷிமா, உனக்கு வைத்த செல்லப் பெயர் ஞாபகமிருக்கிறதா? வங்காளிப் பேரெல்லாம் நமக்கெதற்கு என்று முகம் சுளித்த உன் அம்மா, உனக்கு ஜுரம் வந்தால் மட்டும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். அதையும் நம் ஃபிளாட் நம்பரையும் சேர்த்து அடி.

தீர்க்கசுமங்கலியாக இரு. காலையில் நான் ஏதாவது போட்டு வைக்கிறேன். தினமும் ஒரு தடவை வந்துவிட்டுப் போ அம்மா.

உன் அப்பா,
மஹாதேவன்